கசினோ மேசையும் வீட்டு மேசையும்: போக்கர் ஆடும் பெண்களுக்கு ஓர் இழை

சிராங்கூன்_ராணி:

எங்கள் சொந்தத்தில் தீபாவளி ராத்திரி சீட்டு விரிக்காத வீடு கிடையாது. பெரியவர்கள் ரம்மியிலும் மூணு சீட்டிலும் நின்றுவிட்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகைக்கு (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு) மாறிப் பல வருடம் ஆகிறது. நான் வீட்டிலும் ஆடுகிறேன், கசினோ மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் மேசையில் நான் ஒருத்திதான் பெண். தோழிகள் தனித்தனியாகக் கேட்பதையெல்லாம் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் "எந்தச் சீட்டு வந்தா ஆடணும், எதுக்குப் போடணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார எனக்கு என்ன செலவு? இதற்குப் பதில் தெரியாமல் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பணம் நிற்காது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கசினோவுக்குள் போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வருடத்துக்கு 3,000 வெள்ளி கட்ட வேண்டும். 2010இல் இரண்டு கசினோக்களும் திறந்தபோது அது 100, 2,000 என்று இருந்தது. 2019 ஏப்ரலில் ஏற்றினார்கள். அந்தப் பணம் கசினோவுக்குப் போவதில்லை. டோட் போர்டு என்ற அரசு வாரியத்தின் வழியாகப் பொதுநலக் காரியங்களுக்குப் போகிறது. கசினோ நினைத்தாலும் அதை நமக்குத் திருப்பித் தர முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆக ஒரு சிப் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) கூட வாங்குவதற்கு முன்பே நாம் 150 வெள்ளி பின்னால் இருக்கிறோம்.

இதை மேசைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கிற பணம், ரெண்டில் பெரியது) 10 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் சராசரியாக மணிக்கு ஐந்து பெரிய பிளைண்ட் ஜெயித்தால் அது உண்மையிலேயே நல்ல ஆட்டம். அதாவது 50 வெள்ளி. நுழைவுக் கட்டணத்தை எடுக்கவே மூன்று மணி நேரம் போய்விடும். இதோடு கசினோ ஒவ்வொரு பாட் பணத்திலும் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) தன் பங்காக ரேக் எடுக்கும், அல்லது நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும். இது நீண்டகாலச் சராசரி வேறு. ஒரு ராத்திரியில் எதுவும் நடக்கும்.

அதைவிட மோசமானது, 150 வெள்ளி மனசுக்குள் செய்கிற வேலை. "கட்டின காசு வீணாகக் கூடாது" என்று களைத்துப்போன பிறகும் உட்கார்ந்திருக்க வைக்கும். கட்டியது கட்டியதுதான். ரெண்டு மணி நேரத்தில் தலை வலித்தால் ரெண்டு மணி நேரத்தில் எழுந்து வரத் தெரிந்தவர்கள் மட்டும் போகலாம்.

வீட்டாட்டத்தில் இது எதுவும் இல்லை. எங்கள் மேசையில் பிளைண்ட் 10 காசு, 20 காசு. ஆளுக்கு 20 வெள்ளி. ரேக் இல்லை. என் அனுபவத்தில் ஒரு பெண் இந்த ஆட்டத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. கசினோவை எப்போதாவது போகிற இடமாக மட்டும் வைத்திருக்கிறேன்.

தெம்பனிஸ்காரி:

அக்கா, ரொம்ப நாளா யாராவது இதை எழுத மாட்டாங்களான்னு இருந்தேன். என் கணவரோட நண்பர்கள் வீட்டில்தான் நான் ஆடுவேன். நான் மட்டும்தான் பொண்ணு. ஒரு அண்ணன் நான் ரெய்ஸ் பண்ணினாலே, அதாவது பந்தயத்தை ஏத்தினாலே, சீட்டைக் கீழே போட்டுடுவார். இன்னொருத்தர் எதுவுமே இல்லாம கடைசி வரைக்கும் கால் பண்ணி, அதாவது நான் போட்ட அளவுக்கே பணம் போட்டு, பார்ப்பார். மூணாவது ஆள், என் கையில என்ன இருக்குன்னு தெரியாமலேயே "இப்ப நீ இப்படிப் பண்ணியிருக்கணும்மா"ன்னு பாடம் எடுப்பார். எனக்கு யாரை எப்படி ஆடறதுன்னே தெரியலை. மூணு பேரும் எரிச்சலாத்தான் இருக்கு.

சிராங்கூன்_ராணி:

தங்கச்சி, அந்த மூணு பேரும் உனக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உன்னை ஒரு ஆட்டக்காரியாகப் பார்க்காமல் பெண்ணாகப் பார்த்து முடிவெடுக்கிறவர், தன் சீட்டைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. அங்கேதான் உன் லாபம் இருக்கிறது.

முதல் அண்ணனை எடுத்துக்கொள். "பொண்ணு ரெய்ஸ் பண்ணினா கையில கண்டிப்பா இருக்கு" என்று நம்புகிறவர். இவரைப் போல ஆட்கள் நிறைய உண்டு. ஒரு கை சொல்கிறேன். நான் பட்டனில், அதாவது கடைசியாக முடிவெடுக்கிற இடத்தில் இருந்தேன். கையில் ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் ஐந்து. ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) டைமன் ராஜா, ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் நாலு. நடுவில் 4 வெள்ளி. எதிரே இருந்தவர் 2 வெள்ளி போட்டார். நான் 6 வெள்ளியாக ரெய்ஸ் பண்ணினேன். அவர் ராஜாவையும் ஜாக்கியையும் திறந்து காட்டிவிட்டு, "உன்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கும்மா, நான் வரலை" என்று போட்டுவிட்டார். என் கையில் அப்போது ஒரு ஜோடி கூட இல்லை.

அது குருட்டுத் தைரியமில்லை. நடுவில் 6 வெள்ளி இருக்கிறது, நான் போடுவதும் 6. ரெண்டு தடவைக்கு ஒரு தடவை அவர் சீட்டைக் கீழே போட்டுவிட்டாலே எனக்கு நட்டம் இல்லை. கால் பண்ணினாலும் மீதி ஒன்பது ஸ்பேடில் ஒன்று வந்தால் கலர் (ஐந்து சீட்டும் ஒரே இனம்). ரெண்டு சீட்டு வர இருக்கும்போது அதற்கு சுமார் 35 சதவீத வாய்ப்பு. இப்படி ரெண்டு வழியிலும் வரக்கூடிய கையோடுதான் இவரிடம் பிளஃப் (நல்ல கை இல்லாமலே இருப்பது போலப் பணம் போடுவது) செய்ய வேண்டும். ஜெயித்த பிறகு சீட்டைக் காட்டவே காட்டாதே. நீ பிளஃப் பண்ணுவாய் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அவர் நினைப்பு மாறிவிடும், உன் வருமானமும் போய்விடும்.

ரெண்டாவது ஆள், கடைசி வரை கால் பண்ணுகிறவர். ஒரு பெண் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று ஆகிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. இவரிடம் பிளஃப் என்பதே கூடாது. நல்ல கை வரும் வரை காத்திரு, வந்ததும் பெரிதாகப் போடு. ஏஸும் ராஜாவும் கையில், ஃப்ளாப்பில் ஏஸ், எட்டு, மூணு என்று வந்த ஓர் ஆட்டத்தில் நான் மூன்று சுற்றும் பாட் பணத்தில் முக்கால் பங்கு அளவுக்குப் போட்டேன். கடைசியில் அவர் காட்டியது ஒரு எட்டு ஜோடி. "நீ பயத்துல சும்மா பணம் போடுறேன்னு நினைச்சேன்" என்றார். நிறையப் பெண்கள் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். நல்ல கை இருந்தும், அவர் ஓடிவிடுவாரோ என்று சின்னதாகப் போடுகிறார்கள். அவர் ஓடமாட்டார்.

பாடம் எடுக்கிறவரைப் பேச விடு. நிறையக் கேள். அவர் உனக்குச் சொல்வதெல்லாம் அவர் எப்படி ஆடுவார் என்பதுதான். "சின்ன ஜோடி இருந்தா ஃப்ளாப்பைப் பார்க்காம விடக்கூடாது" என்று உனக்குச் சொன்னால், அவர் விடமாட்டார் என்று எழுதிக்கொள்.

கணக்கு_டீச்சர்:

ராணி சொன்ன 35 சதவீதத்தைப் பலர் தப்பாகப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். நானும் ஆடுகிற பெண்தான், தொழிலும் கணக்கு.

ஃப்ளாப்பில் கலருக்கு நாலு சீட்டு இருந்தால் 35 என்பது டர்ன், ரிவர் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) ரெண்டையும் பார்க்கிற விலையை ஏற்கெனவே கொடுத்துவிட்டால் மட்டும். டர்னும் வந்து போய்விட்டது, கலர் வரவில்லை என்றால் பாக்கி 46 சீட்டில் 9 நல்லது. 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது நடுவில் 60 வெள்ளி, எதிராளி 40 போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 40 கொடுத்து மொத்தம் 140க்கு ஆடுகிறீர்கள். 40ஐ 140ஆல் வகுத்தால் 28 சதவீதத்துக்கு மேல். உங்களுக்கு இருப்பது 20. கீழே போட்டுவிட வேண்டிய கை. "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று கால் பண்ணுகிறவர்களின் பணம்தான் மேசையைச் சுற்றி வருகிறது.

அவசரத்துக்கு ஒரு வழி: உங்களுக்கு உதவக்கூடிய சீட்டுகளை எண்ணுங்கள். ரெண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் நாலால் பெருக்குங்கள், ஒன்றே ஒன்று என்றால் ரெண்டால். சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும்.

இன்னொன்று. கையில் ஏஸ் ஜோடி வருவது 221இல் ஒரு தடவை. ஏதாவது ஒரு ஜோடி வருவது 17இல் ஒரு தடவை. அந்த ஜோடிக்கு ஃப்ளாப்பிலேயே அதே எண்ணில் மூன்றாவது சீட்டு வருவது எட்டரைக்கு ஒரு தடவை. ஆக, ஒரு மாலை முழுக்க நீங்கள் செய்யப்போகிற முக்கியமான வேலை சீட்டைக் கீழே போடுவது. இதைச் சலிப்பில்லாமல் செய்யத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பாதிப் பேரைவிட நன்றாக ஆடுகிறார்கள்.

செங்காங்_மாமா:

மன்னிக்கணும் பிள்ளைகளா. நீங்க படிச்சவங்க, கணக்கு தெரிஞ்சவங்க, சந்தோஷம். ஆனா எனக்கு வயசு அறுபத்திரண்டு. என் கூடப் பொறந்தவர் ஒருத்தர் சீட்டால வீட்டை இழந்தார். அவரும் முதல்ல வீட்டுத் திண்ணையில பத்துக் காசுக்குத்தான் ஆரம்பிச்சார். தருமரே தோத்த விளையாட்டு இது. பொம்பளைப் பிள்ளைங்க ஆடக்கூடாதுன்னு நான் சொல்லலை, யாருமே ஆட வேண்டாம்னு சொல்றேன். சின்னப் பணத்துல ருசி ஏத்திக்கிட்டுப் பெரிய பணத்துக்குப் போறது ரொம்பச் சுலபம். இதைப் படிக்கிற புதுசா கல்யாணமான பிள்ளைங்க யோசிக்கணும்.

சிராங்கூன்_ராணி:

மாமா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் வீட்டில் நடந்தது மாதிரி எனக்குத் தெரிந்த குடும்பங்களிலும் நடந்திருக்கிறது. அதனாலேயே நாற்காலியின் விலையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

தருமர் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துவது, அவர் உட்கார்ந்த மேசை. பகடை எதிராளியுடையது, உருட்டியவன் எதிராளியின் மாமன், எழுந்து போனால் மானக்கேடு என்ற நிலை, வைத்த பந்தயத்துக்கு மேல்வரம்பே கிடையாது. இந்த நாலில் ஒன்று இருந்தால்கூட நான் உட்கார மாட்டேன்.

எங்கள் வீட்டாட்டத்தில் ஒருவர் ஒரு ராத்திரியில் ரெண்டு தடவைக்கு மேல் பணம் போட்டு உட்காரக் கூடாது. 40 வெள்ளி போனால் அவருக்கு ஆட்டம் முடிந்தது, சமையலறையில் உதவலாம், சீட்டுப் பிரித்துக் கொடுக்கலாம். யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. இந்த ரெண்டு விதியையும் ஒத்துக்கொள்ளாதவரை அடுத்த தடவை கூப்பிடுவதில்லை, சொந்தமாக இருந்தாலும் சரி.

போக்கர் பணம் என் வீட்டுப் பணத்தோடு சேர்ந்திருப்பதே இல்லை. தனிக் கணக்கில் கிடக்கிறது. ஒவ்வொரு ஆட்டமும் நோட்டில் ஏறும்: எவ்வளவு போட்டேன், எவ்வளவு எடுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன். நினைவு ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். நோட்டு தோற்றதையும் வைத்துக்கொள்ளும்.

உங்கள் எச்சரிக்கையோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். இங்கே யாருக்காவது கை மீறிப் போகிறது என்று தோன்றினால், கசினோவுக்குள் தன்னை விடக்கூடாது என்று தானே எழுதிக் கொடுத்துத் தடை வாங்கலாம். மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ குடும்பத் தடைக்கு விண்ணப்பிக்கலாம். முழுத் தடை வேண்டாம் என்றால், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பும் போட்டுக்கொள்ளலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவித் தொலைபேசி 1800-6668-668. கூப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை. கணவர் ஆடுவதால் அவதிப்படுகிற பெண்களும் அங்கே கூப்பிடலாம்.

செங்காங்_மாமா:

ரெண்டு தடவைக்கு மேல கிடையாது, கடன் கிடையாது. இந்த ரெண்டும் அன்னைக்கு எங்க வீட்டுல இருந்திருந்தா... சரிம்மா. இதை எல்லாரும் படிக்கட்டும். என் கருத்து மாறலை, ஆனா நீ சொன்னதை என் மருமகள்கிட்ட படிச்சுக் காட்டுறேன்.

மன்னார்குடி_டு_ஜூரோங்:

அக்கா, நான் வேலை அனுமதியில் இருக்கேன். எங்களுக்கு 150 வெள்ளி கிடையாது, பாஸ்போர்ட் காட்டினாப் போதும். அப்ப எங்களுக்கு நாற்காலி இலவசம்தானே? போன மாசம் போய் மூணு சீட்டு போக்கர் மேசையில் உட்கார்ந்தேன். ஊர்ல ஆடுற மூணு சீட்டு மாதிரியே இருந்துச்சு. முதல் ஒரு மணி நேரம் ஜெயிச்சேன், அப்புறம் எல்லாம் போச்சு. எங்க தப்பு பண்ணினேன்னு புரியலை.

சிராங்கூன்_ராணி:

தம்பி, நீங்கள் ஆடியது பேரளவில் போக்கர். அங்கே எதிரே இருந்தவர் இன்னொரு ஆட்டக்காரர் இல்லை, கசினோவே. அவர் பயப்படமாட்டார், ஏமாறமாட்டார், களைக்கமாட்டார். பிளஃப் என்ற ஆயுதமே அங்கே கிடையாது.

அந்த ஆட்டத்தில் ராணி, ஆறு, நாலு அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆடு, இல்லாவிட்டால் சீட்டைக் கீழே போடு என்பதுதான் மிகச் சரியான வழி. அதைத் தவறாமல் செய்தாலும், முதலில் வைக்கிற ஆண்ட்டியில் சுமார் 3.4 சதவீதம் கசினோவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கரீபியன் ஸ்டட் (இதுவும் கசினோவோடு ஆடுகிற போக்கர்) என்றால் 5 சதவீதத்துக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க, பாக்கராட் என்ற சீட்டாட்டத்தில் பேங்கர் பக்கம் வைத்தால் 1.06 சதவீதம், டை (சமம்) மேல் வைத்தால் 14 சதவீதத்துக்கும் மேல். நீங்கள் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை. அந்த மேசை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் நாற்காலிக்கு வாசலில் பணம் வாங்கவில்லை, மேசையில் வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் ஆடுகிற ஹோல்டெம் மேசையில் மட்டும்தான் திறமைக்கு இடம். அதிலும் எதிரே இருப்பவர்கள் உங்களைவிட நன்றாக ஆடினால் அந்தத் திறமை அவர்களுக்குத்தான் உதவும். ஊருக்குப் பணம் அனுப்புகிற பொறுப்பு உள்ளவர் நீங்கள். அந்த மேசைக்குத் திரும்பிப் போகாதீர்கள் என்று அக்காவாகச் சொல்கிறேன். கட்டணம் இல்லாதவர்களுக்கும் அந்தத் தடை விண்ணப்பம் உண்டு, வேலை அனுமதியில் இருப்பவர்களும் போடலாம்.

மௌனவாசகி:

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு கேள்விக்காக வருகிறேன். வீட்டில் பணம் வைத்து ஆடுவது இங்கே சட்டப்படி சரியா? எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் ராத்திரி வரை ஆடினால் போலீஸ் வரும் என்று பயமுறுத்துகிறார். ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்தே செயலியில் ஆடலாமா என்றும் தோழிகள் கேட்கிறார்கள்.

நாலாவது_மாடி:

2022 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிற சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. குடும்பத்தினரும் நண்பர்களும் ஒருவர் வீட்டில் நேரில் கூடி ஆடுவதற்கு விலக்கு உண்டு. ஆனால் அது தொழிலாக நடக்கக் கூடாது. ஆட்டத்தில் ஜெயிப்பதைத் தவிர யாருக்கும் வேறு வருமானம் வரக் கூடாது. வந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் உண்மையிலேயே தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

செயலியில் பணத்துக்கு ஆடுவதற்கு இந்த விலக்கு பொருந்தாது, நண்பர்களுக்குள் என்றாலும். முகம் தெரியாதவர்கள் குழுவில் அறிவித்து வாடகை அறையில் நடத்துகிற ஆட்டமும் இதில் வராது. அனுமதி இல்லாத இடத்தில் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் விதிக்கலாம். நடத்துகிறவருக்கு இதைவிடப் பல மடங்கு.

சிராங்கூன்_ராணி:

நாலாவது மாடி சொன்னதோடு ஒரு நடைமுறை விஷயம். சில வீடுகளில் சாப்பாட்டுச் செலவுக்கு என்று ஒவ்வொரு பாட் பணத்திலும் கொஞ்சம் எடுத்து ஒதுக்குவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். பார்ப்பவருக்கு அது ரேக் மாதிரியே இருக்கும். பிரியாணிக்கு ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்து, ஆட்டம் தொடங்கும் முன்பே பேநவ் பண்ண (கைபேசி வழியாகப் பணம் அனுப்ப) சொல்லுங்கள். சீட்டுப் பணத்தோடு கலக்காதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. "நண்பரின் நண்பர் நடத்துகிறார், பெரிய மேசை, நல்ல ஆட்கள்" என்று யாராவது கூப்பிட்டால் போகவே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம். ஜெயித்தால் பணம் கைக்கு வருமா, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கதவிலிருந்து எப்படி வெளியே வருவீர்கள், யாரைக் கூப்பிடுவீர்கள்? இதற்குப் பதில் இல்லாத வீட்டில் உட்காரக் கூடாது.

தெம்பனிஸ்காரி:

அக்கா, நீங்க சொன்னபடி அந்த ரெண்டாவது ஆள்கிட்ட பிளஃப்பை நிறுத்திட்டேன். நல்ல வித்தியாசம் தெரியுது. ஒரே ஒரு தடவை கசினோ ஹோல்டெம் மேசையில உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசை. என் பிறந்தநாளுக்குன்னு வச்சிருக்கேன். மேசையில என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

சிராங்கூன்_ராணி:

பிறந்தநாள் செலவு என்று வைத்திருப்பது நல்லது. 150 வெள்ளியை அந்தக் கணக்கில் எழுதிவிடு, ஆட்டக் கணக்கில் எழுதாதே. உன் வயது 21 தாண்டியிருக்கும், அடையாள அட்டை எடுத்துப் போ. உள்ளே ஏடிஎம் கிடையாது, அது உனக்கு நல்லது. எடுத்துப் போனது முடிந்தால் வீட்டுக்கு வா.

மேசையில் வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். "ரெய்ஸ்" என்றால் ரெய்ஸ்தான், பின்வாங்க முடியாது. எதுவும் சொல்லாமல் பெரிய சிப் ஒன்றைப் போட்டால் அதைக் கால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ரெய்ஸ் பண்ண வேண்டும் என்றால் முதலில் சொல், பிறகு மொத்தத்தையும் ஒரே நகர்வில் முன்னால் தள்ளு. கொஞ்சம் வைத்துவிட்டுத் திரும்பப் போய்க் கொஞ்சம் எடுத்து வந்தால் சீட்டுப் பிரிக்கிற டீலர் ஏற்கமாட்டார். உன் முறை வரும் வரை சீட்டைப் போடக்கூடாது, போடப்போகிறாய் என்று முகத்திலும் காட்டக்கூடாது. சீட்டு மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள். கவனிக்காத டீலர் எடுத்துவிட்டால் கை போய்விடும். ஆட்டம் நடக்கும்போது பக்கத்தில் வேறு மொழியில் பேசப் பல மேசைகளில் விடமாட்டார்கள்.

உட்கார்ந்ததும் அரை மணி நேரம் பெரும்பாலான சீட்டைக் கீழே போட்டுக்கொண்டு மற்றவர்களைப் பார். முதல் சில சுற்றில் உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நீ பெண், இந்தியர், தனியாக வந்திருக்கிறாய் என்பது மட்டும். யார் உன் பக்கம் திரும்பிப் பேசி உனக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிறார், யார் உன் பிளைண்டை எடுக்கப் பார்க்கிறார் என்று கவனி. இடப்பக்கம் அடிக்கடி ரெய்ஸ் பண்ணுகிற ஆள் இருந்தால் வேறு இடம் காலியானதும் மாற்றிக் கேள். அவர் உனக்கு வலப்பக்கம் இருந்தால் உனக்கு முன்பே முடிவெடுத்துவிடுவார், நீ பார்த்து ஆடலாம். இடம் மாற்றிக் கேட்பதில் தயங்காதே, எல்லாரும் கேட்பார்கள்.

ஒரு கசினோவில் பக்கத்தில் இருந்தவர் என் கை, வளையல், எந்தக் கோயிலுக்குப் போவேன் என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் டீலரிடம் அமைதியாகச் சொன்னேன், மேற்பார்வையாளர் வந்து அவரிடம் பேசினார், அதோடு நின்றது. சிரித்துச் சமாளித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஆட முடியாது. கவனம் சிதறினால் அதுவும் பணம்தான். எவ்வளவு ஜெயித்தாய் என்று லிஃப்டில் யாருக்கும் சொல்லாதே. கடைசி ரயில் போயிருந்தால் டாக்சி நிலையத்திலிருந்து ஏறு, வண்டி எண்ணைக் கணவருக்கு அனுப்பு.

மௌனவாசகி:

உலக அளவில் பெண்கள் இந்த ஆட்டத்தில் எங்கே இருக்கிறார்கள்? பெண்களுக்கு மட்டும் தனிப் போட்டி நடக்கிறதாமே, அது நல்லதா?

கணக்கு_டீச்சர்:

லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 1995இல் பார்பரா என்ரைட் ஐந்தாம் இடம் வந்தார். அதன் பிறகு இறுதி மேசைக்கு இன்னொரு பெண் வர 30 வருடம் ஆனது: 2025இல் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ், ஏழாம் இடம். ஐரோப்பாவில் நடந்த அதே தொடரின் முதன்மைப் போட்டியை 2007இல் நார்வேயின் அனெட் ஒப்ரெஸ்டாட் 19ஆவது பிறந்தநாளுக்கு முன்பே வென்றார். வனெசா செல்ப்ஸ்ட் மூன்று தங்கக் காப்புகள் (உலகப் போக்கர் தொடரில் ஒரு போட்டியை வென்றவருக்குத் தருவது) வென்றவர்.

பெண்கள் போட்டியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தொடரில் ஆண்களைச் சட்டப்படி வெளியே நிறுத்த முடியாததால், 2013 முதல் நுழைவு 10,000 டாலர் என்று வைத்து, பெண்களுக்கு 9,000 தள்ளுபடி கொடுக்கிறார்கள். சீட்டுக்கு ஆண் பெண் தெரியாது. தனி மேசை போட்டால் நாம் பலவீனமானவர்கள் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

சிராங்கூன்_ராணி:

டீச்சர், இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முப்பது வருட இடைவெளி திறமைக் குறைவால் வந்ததில்லை. உட்கார்ந்து பழகியவர்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் வந்தது. நம் வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுக்கச் சீட்டுப் போடும் ஆண்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நாற்காலி கிடைக்கவில்லை. முதல் தடவை தைரியமாக ரெய்ஸ் பண்ணிப் பார்க்க, யாரும் பாடம் எடுக்காத ஒரு மேசை சிலருக்கு வேண்டியிருக்கிறது. அங்கேயே தங்கிவிட வேண்டியதில்லை. கலப்பு மேசைக்கு வந்தால்தான் ஆட்டம் வளரும், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

கணக்கு_டீச்சர்:

தொடக்கத்துக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

மௌனவாசகி:

அப்படியென்றால் இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தொடங்குகிறேன். எட்டுப் பேர், ஆறு பெண்கள், எல்லாரும் சொந்தமும் கல்லூரித் தோழிகளும். 500 சிப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். எப்படிப் பிரித்துக் கொடுப்பது ராணி அக்கா?

சிராங்கூன்_ராணி:

10 காசு, 20 காசு பிளைண்ட், ஆளுக்கு 20 வெள்ளி. அது நூறு பெரிய பிளைண்ட், யோசித்து ஆடப் போதும். ஒவ்வொருவருக்கும் 10 காசுச் சிப் இருபது, 50 காசுச் சிப் பன்னிரண்டு, ஒரு வெள்ளிச் சிப் ஏழு, ஐந்து வெள்ளிச் சிப் ஒன்று. ஆளுக்கு நாற்பது சிப், எட்டுப் பேருக்கு 320. மீதி 180 ரெண்டாவது தடவை வாங்குகிறவர்களுக்கு. எந்த நிறம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வை. ரெண்டு கட்டுச் சீட்டு, வேறு வேறு முதுகு நிறத்தில். ஒன்றைப் பிரிக்கும்போது அடுத்தவர் இன்னொன்றைக் கலைக்கலாம். பணத்தை ஆடாத ஒருவரிடம் கொடுத்து வை, இல்லாவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எல்லார் கண்ணிலும் படும்படி வை. எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று தொடங்கும்போதே சொல்லிவிடு, ஜெயிக்கிறவரும் தோற்கிறவரும் அப்போதுதான் சண்டை போடாமல் எழுவார்கள். எண்ணெய்ப் பலகாரத்தை மேசைக்கு அனுப்பாதே, சீட்டில் விரல் கறை பட்டால் அடுத்த கை முதல் அது எந்தச் சீட்டு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.